மதியச் சாப்பாட்டுக்கு வீடு

சென்னையில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி "எங்கே?" என்பதுதான். மாமல்லபுரமா, முட்டுக்காடா, வேடந்தாங்கலா, வண்டலூரா என்று வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் இழுபறி நடக்கும். சனிக்கிழமை ராத்திரி ஒருவழியாக முடிவானாலும், "டிபன் முடிச்சுட்டு நிதானமா கிளம்பலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்த ஞாயிறு அப்போதே பாழ். இந்த அத்தியாயத்தின் யோசனை எளியது: இடத்தைப் பற்றிப் பேசும் முன் வீடு திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மதியம் ஒன்றரைக்குள் அவரவர் வீட்டில் கை கழுவிச் சாப்பிட உட்கார வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதைக் கட்டிக்கொண்டு போவது, எத்தனை பேரை அழைப்பது என்ற கேள்விகளில் முக்கால்வாசி தானாகவே தீர்ந்துவிடும். பாதி நாள் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதும் என்பது மட்டுமில்லை, இந்த ஊருக்கு அதுதான் பொருந்தும்.

முதல் காரணம் வெயில். டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் சென்னையில் பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் குழந்தைகளை நிறுத்த முடியாது. மதியவாக்கில் கடற்காற்று வந்துவிடும் என்பார்கள். மே, ஜூனில் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது வரத் தாமதமாகும், சில நாள் வந்ததே தெரியாது. மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. காலை 6 மணிக்கே திறந்துவிடும். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் பெரிய புடைப்புச் சிற்பம் கிழக்குப் பார்த்தது. ஏழு மணி வெயில் நேரே அதன் முகத்தில் விழும்போதுதான் பெரிய யானையின் தந்தத்தருகே பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையும், அதை நம்பிக் கும்பிட்டு நிற்கும் எலிகளும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தட்டுப்படும். பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் அந்தப் பாறையை விட்டு நகர மாட்டார்கள். பிற்பகலில் அதே பாறை தன் நிழலிலேயே இருக்கும், எதிரே கூட்டம் நெருக்கும். பக்கத்தில் வெண்ணெய்ப் பந்துப் பாறையை ஒட்டிய சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி விளையாடி வருகிறார்கள். எட்டு மணிக்கு அந்தச் சரிவு வழவழவென்று குளிர்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு அதில் வெறுங்காலை வைக்க முடியாது. போகும் இடம் ஒன்றேதான். போகும் நேரத்தைப் பொறுத்து அது பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஆகும், தண்டனையும் ஆகும்.

காஞ்சிபுரத்தில் கோயில் நடையும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக 58 சிறு சன்னதிகள் உண்டு. சிலவற்றின் உட்சுவரில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் ஒட்டியிருக்கும். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் போக ஒரு மணி நேரமாவது வேண்டும், அதையும் செருப்பில்லாமல் கல்தரையில் நடந்துதான் பார்க்க வேண்டும். ஊரின் மற்ற பெரிய கோயில்களைப் போலவே இதிலும் நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். டிபன் முடித்துப் பத்து மணிக்குச் சென்னையை விட்டுக் கிளம்பும் கூட்டம் 75 கிலோமீட்டர் கடந்து அங்கே போய்ச் சேரும்போது நடை சாத்தும் நேரம் வந்திருக்கும். பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அந்த ஊரில் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுக்கடைதான் புகலிடம். அது வேறு வகைச் செலவு. இந்த நூலின் வரம்புக்குள் வராது.

திரும்பும் சாலையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு மாலை புதுச்சேரியிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் வரும் வண்டிகள் எல்லாம் ஈ.சி.ஆரில் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி நீலாங்கரை, திருவான்மியூர் வரை ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். ஜி.எஸ்.டி. சாலையில் அதே மாலை இன்னும் மோசம். சொந்த ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிற பாதித் தமிழ்நாடும் பரனூரில் வந்து நிற்கும். கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று நெரிசல் நீளும். காலையில் ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு மாலையில் இரண்டரை மணி நேரம் ஆனால், அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பின்சீட்டில் பசியும் தூக்கமுமாகக் கழிப்பது குழந்தைகள். அவர்களுக்கு அடுத்தபடியாக, அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாத பெண்களும் வயதானவர்களும். கழிப்பறை என்ற ஒற்றை விஷயத்தை வைத்துப் பார்த்தாலே, ஏழு மணி நேரப் பயணத்துக்கும் பதினான்கு மணி நேரப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கோடு நிற்காது. காலையில் வீட்டில் முடித்துக்கொண்டு கிளம்பி, வழியில் ஒரு நல்ல ஓட்டலில் ஒரு தடவை நிறுத்தினால் பாதி நாள் ஓடிவிடும். முழு நாள் என்றால் நீங்கள் பெட்ரோல் பங்க்குகளின் தயவில் இருக்கிறீர்கள்.

பல குடும்பங்கள் சேரும்போது தாமதம் எப்படிப் பெருகும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு குடும்பமும் நான்கு தடவையில் மூன்று தடவை சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு குடும்பம் என்றால் இருவரும் நேரத்துக்கு வர நூற்றுக்கு 56 வாய்ப்பு. மூன்று என்றால் 42. நான்கு என்றால் 32 கூட இல்லை, அதாவது மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் யாரோ ஒருவருக்காக மற்ற மூன்று குடும்பங்களும் தெருவில் நிற்கும். அதனால் மூன்று குடும்பத்துக்கு மேல் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. நான்காவது குடும்பம் எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும் அடுத்த தடவை அழைக்கலாம். இதைவிட முக்கியம், யார் வீட்டிலும் கூடாதீர்கள். ஒரு வீட்டில் கூடினால் காபி போடுவார்கள், காபி என்றால் அரை மணி. போகும் இடத்தின் வாசலிலேயே சந்திப்பது என்று வைத்துக்கொண்டால் தாமதமாக வருபவர் தன் நேரத்தை மட்டும்தான் இழப்பார், முன்னால் வந்தவர்கள் உள்ளே போய்விடலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டால்.

இனி எதிர்வாதங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் தூங்கக் கிடைக்கிறது, அன்றைக்கும் நாலரைக்கு எழுந்திருப்பதா என்பது முதலாவது. நியாயமான கேள்வி. ஆனால் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை தூங்குகிற தூக்கம் காலைத் தூக்கத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சென்னை வெயிலில் அந்த மூன்று மணி நேரத்தை உருப்படியாகச் செலவிட அதைவிட நல்ல வழியும் இல்லை. மாலையில் துணி மடிக்க, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்க்க, மறுநாளைக்கு மாவு அரைக்க நேரம் மிஞ்சும். முழு நாள் சுற்றி இரவு ஒன்பது மணிக்கு வந்து விழுகிற குடும்பம் திங்கட்கிழமை முழுக்க அதற்கு வட்டி கட்டும். அதனாலேயே அடுத்த உலா மூன்று மாதம் தள்ளிப்போகும். பாதி நாள் உலாவை மாதம் இரண்டு தடவை வைத்துக்கொள்ளலாம். நட்பும் பிள்ளைகளின் பழக்கமும் வளர்வது எப்போதோ ஒருமுறை நடக்கும் பெரிய பயணத்தைவிட இப்படி அடிக்கடி பார்த்துக்கொள்வதில்தான்.

இரண்டாவது எதிர்வாதம் பெண்கள் சொல்வது, முதலாவதைவிடக் கனமானது. ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் சமையலறையில் மூன்று மணிக்கு விளக்குப் போடுவது யார்? புளியோதரை, தயிர் சாதம், சிப்ஸ், பிளாஸ்க்கில் காபி, குழந்தைக்குத் தனியாகப் பருப்பு சாதம் என்று மற்றவர்களின் ஓய்வுநாள் ஒருவருக்கு மட்டும் இரட்டை வேலைநாளாகிவிடுகிறது. இதற்கு ஆண்களும் கைகொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் ஏற்பாட்டையே மாற்றினால்தான் பலன். முழு நாள் உலாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு மாலைச் சிற்றுண்டியும் கட்ட வேண்டும். பாதி நாளுக்குக் காலை ஆகாரம் ஒன்றே போதும். அதையும் மூன்று வீட்டுக்குப் பிரித்துவிடுங்கள். ஒரு வீடு இட்லி, ஒரு வீடு வாழைப்பழமும் வேகவைத்த கடலையும், ஒரு வீடு தண்ணீரும் காபியும். இட்லியை ராத்திரியே ஊற்றி ஆறவைத்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் புரட்டி வாழையிலையில் சுற்றி வைத்தால் காலையில் ஊறிப்போய்ச் சட்னி கேட்காது. தேங்காய்ச் சட்னியை எடுத்துப் போகவே போகாதீர்கள், வெயிலில் பத்து மணிக்குள் புளித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் வத்தக்குழம்பு இருந்தால் வந்து சோறு மட்டும் வைத்தால் போதும், அப்பளம் சுடுவது ஆண்களுக்கும் தெரியும். இதுவும் முடியாதென்றால் போகும் வழியில் ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

வேன் வாடகைக்கு எடுத்தால் பாதி நாளுக்கும் முழு நாள் வாடகைதானே என்பார்கள். உண்மைதான், டிரைவர் பேட்டாவும் அப்படியே. அதனால் வேன் எடுக்காதீர்கள் என்பதே பதில். வேன் வந்துவிட்டாலே "எடுத்ததுதான் எடுத்தோம், இன்னும் ரெண்டு இடம் பார்த்துடலாம்" என்ற எண்ணம் ஏறிக்கொள்ளும். மாமல்லபுரத்தோடு திருக்கழுக்குன்றமும், அதோடு முட்டுக்காடும் சேர்ந்து எதையும் பார்க்காத ஒரு நாளாக முடியும். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. மாமல்லபுரத்துக்கு மாநகரப் பேருந்து போகிறது. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் புறநகர் ரயில் உண்டு, பிள்ளைகளுக்கு அந்த ரயிலே பாதி உலா.

சில இடங்கள் காலையில் திறப்பதே ஒன்பது பத்து மணிக்கு, அவற்றை என்ன செய்வது? முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அப்படிப்பட்டது. 1996இல் திறந்த இந்த இடத்தில், தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் நிலையுமாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டிகள் பேசிக்கொண்டிருக்கலாம், பிள்ளைகள் முற்றத்தில் ஓடலாம். வடநெம்மேலியில் 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையும், 602 ஹெக்டேரில் விரிந்திருக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் காலையில் அவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை. விதி இங்கேயும் செல்லும், கிளம்பும் நேரம்தான் மாறும்: வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய், திறக்கும்போதே முதல் ஆளாக உள்ளே நுழைந்து, பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள். வண்டலூரில் நடக்க வேண்டிய தூரம் அதிகம், மதியம் புலியும் சிங்கமும் நிழல் பார்த்துப் படுத்துவிடும். முதலைகள் மட்டும் எந்த நேரத்திலும் அசையாமல் கிடக்கும். அது வெயிலின் குற்றமில்லை.

உண்மையிலேயே விதிக்கு அடங்காத இடங்களும் இருக்கின்றன. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சியைப் பார்க்க மாலை நான்கு மணிக்கு மேல்தான் போக வேண்டும். கூழைக்கடா இறக்கையை மடக்காமல் சறுக்கி வந்து ஏரி நடுவே கடம்ப மரத்தில் இறங்குவதையும், நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு ஊட்டுவதையும் பார்த்துவிட்டு இருட்டில் பரனூர் நெரிசலில் நிற்கத் தயாராக இருப்பவர்கள் போகலாம், அதற்குத் தகுதியான இடம்தான். அதை ஞாயிற்றுக்கிழமை வைக்காமல் சனிக்கிழமை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். கூடு கட்டிய பறவைகள் காலையிலும் கூட்டைவிட்டு நகராது என்பதால், குஞ்சுகளைப் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்குக் காலையே சரி. அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் காத்துவரும் ஏரி அது. நம் பிள்ளைகள் அங்கே கத்தாமல் இருக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். இன்னொரு விலக்கு, பங்குனி ஆமை நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஜனவரியிலிருந்து வாரயிறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துப்போகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவு மணலில் நடை. ஆமை வரும் என்ற உறுதியும் இல்லை. பத்து வயதுக்குக் குறைந்தவர்களை விட்டுவிட்டுப் போவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்த நூல் கண்டிப்பாகப் பேசும். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது "எல்லாரும் ஒரே படகுல ஏறிடலாம்" என்ற ஆசை வரும், தனிக் குடும்பமாகப் போனால் அது வராது. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உயிர்காப்பு மேலுடை ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் அதன் அளவில் ஒன்று, இல்லையென்றால் ஏறக் கூடாது. இருந்தாலும் இரண்டு படகாகப் பிரிந்துதான் ஏற வேண்டும். கடலில் குளிப்பது பற்றியும் அதே கண்டிப்பு. மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை, ஈ.சி.ஆர். கடற்கரைகள் பலவற்றில் மணல் திடீரென்று சரிந்து ஆழமாகிவிடும், உள்ளிழுக்கும் நீரோட்டம் மேலே தெரியாது. பத்துப் பேர் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் நினைப்பதால் யாரும் பார்ப்பதில்லை. கரையில் ஒரு பெரியவர் போனைப் பையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருவராக முறை மாற்றிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தென்சென்னைக்காரர்களுக்குத்தான் வசதி என்ற குறை சரியானது. அம்பத்தூரிலோ திருவொற்றியூரிலோ இருப்பவருக்கு மாமல்லபுரம் என்றால் நகரைக் கடக்கவே ஒரு மணி நேரம். அவர்களுக்குக் குளிர்காலத்துக் காலையில் பழவேற்காடு நல்ல தேர்வு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும், பூநாரைகள் நிற்கும் ஏரிக்கரையும் படகில் ஏறாமலே பார்க்கக் கிடைக்கும். பூண்டி நீர்த்தேக்கமும் அந்தப் பக்கத்துக்குத்தான் அருகில். அதற்குப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கம் இந்தியாவின் மிகப் பழைய கற்கருவிகள் கிடைத்த இடங்களில் ஒன்று என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வடக்கிலும் பாதிப் பேர் தெற்கிலும் இருந்தால் நடுவில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எப்போது கொட்டும் என்று தெரியாத ஞாயிறுகளுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. செப்புத் திருமேனிக் கூடத்தையும் அமராவதிச் சிற்பங்களையும் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள். மற்றதை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பணம். டிக்கெட், பார்க்கிங், சுங்கம், டிபன் எல்லாவற்றையும் ஒருவரே கொடுத்துவிட்டு அன்று மாலைக்குள் குழுவில் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பெரியவர் தலைக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு அரைப்பங்கு, கைக்குழந்தைக்கும் உடன் வந்த தாத்தா பாட்டிக்கும் கிடையாது. "பரவாயில்ல, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருவரே தொடர்ந்து கொடுக்கும் கூட்டத்தில் நான்காவது உலாவுக்கு யாராவது ஒரு குடும்பம் ஏதோ காரணம் சொல்லி நின்றுவிடும். கொடுத்தவரின் குடும்பமாகவும் இருக்கலாம், கொடுக்க விடாமல் தடுக்கப்பட்டவரின் குடும்பமாகவும் இருக்கலாம்.